சிவந்த நாக்கு

இத்தெல் வீட்டு வெண்ணெயில் எப்போதும் உப்பு கொஞ்சம் தூக்கல்தான், சாமி. ஊரில் சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கும். கல்லில் சுட்ட ஓட்ஸ் ரொட்டியைச் சூட்டோடு எடுத்து, அந்த வெண்ணெயைத் தடவி வாயில் போட்டால், மலை ஏறி வந்த களைப்பு போய்விடும். யாழும் தடியுமாக ஊர் ஊராகப் போகிறவனுக்கு இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள்தான் மனதில் நிற்கும். எந்த வீட்டில் படுக்கைக்குப் புதுக் கோரை போடுவார்கள், எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் பாட்டு முடிகிறவரை வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். இத்தெல் வீடு எல்லா வகையிலும் நல்ல வீடு. அந்த வீட்டின்மேல் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாளை காலையில் இந்தக் கோவிலின் பழைய கைமணியை எடுத்து வைப்பீர்கள். நூறு ஆண்கள் ஒவ்வொருவராக வந்து அதைத் தொட்டு, புலவன் மெயிரிக் குற்றமற்றவன் என்று சத்தியம் செய்வார்கள். நூறு பேரைத் திரட்டுவது எனக்குச் சிரமமாக இல்லை. அவர்களில் பாதிப் பேர் என் பாட்டைப் பாடித்தான் பெண்டாட்டியைப் பிடித்தார்கள். சத்தியம் முடிந்தால் இத்தெலின் மச்சான் கடூகனின் சித்தப்பா என்மேல் வைத்த குற்றச்சாட்டும் முடிந்தது. "சிவந்த நாக்கு" என்று அதற்குப் பெயர். ஒளிந்திருப்பவனைக் கொல்ல வருகிறவனுக்கு நாவால் இடம் காட்டுகிறவனும் கொலையில் பங்காளிதான் என்கிறது நம் சட்டம். நல்ல சட்டம், அதில் எனக்கு மறுப்பு இல்லை. அதனால்தான் முந்தின நாளே பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தேன். இங்கே நான் சொல்வது உங்கள் காதோடு நிற்கும். நாளை நடக்க வேண்டியது நாளை நடக்கும்.

என் பெயர் எதனால் நின்றது என்று உங்களுக்குத் தெரியும். பெண்குரல். காதலன் மழையில் நனைந்தபடி கதவைத் தட்டுவான், உள்ளே இருந்து அவள் பதில் சொல்வாள். இரண்டு பேருக்கும் நானே பாடுவேன். மற்றப் புலவர்களும் இதைப் பாடுகிறார்கள். அவர்கள் பாட்டில் அந்தப் பெண் அழுவாள், அல்லது கதவைத் திறப்பாள். வேறு வேலை அவளுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், என் பாட்டிலும் நெடுநாள் அப்படித்தான் இருந்தாள்.

ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில், இத்தெல் வீட்டுக் கூடத்தில், நான் அந்த மாதிரிப் பாட்டு ஒன்றைப் பாடி முடித்தேன். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் இருந்து ஒரு குரல் வந்தது. இத்தெலின் மனைவி கெனெரிஸ்.

"புலவரே, உங்க பாட்டுல வர்ற பொண்ணு சரியாப் பேசல. நான் பேசட்டுமா?"

இத்தெல் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பேசு பேசு. எனக்குக் கிடைக்கிறதுல அவருக்கும் கொஞ்சம் கிடைக்கட்டும்."

அவள் எழுந்திருக்கக்கூட இல்லை. மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்:

வாசலில் நிற்பவன் மழையைப் பாடுகிறான்,
உள்ளே இருப்பவள் விறகைப் பார்க்கிறாள்.
அவனுக்கு மழை ஒரு ராத்திரி,
எனக்கு விறகு குளிர்காலம் முழுக்க.

கூடம் சிரித்தது. இத்தெலின் அத்தை மால்ட், அந்த வாயாடிக் கிழவி, "அப்படிப் போடுடி" என்று கத்தினாள். எல்லாருக்கும் அது ஒரு விருந்து வேடிக்கை. எனக்கு மட்டும்தான் கேட்டது. ஒவ்வோர் அடியிலும் மோனை விழவேண்டிய இடத்தில் சரியாக விழுந்தது, ஓசை ஓர் இடத்திலும் நொண்டவில்லை. நான் அதைக் கற்றுக்கொள்ள ஓர் ஆசானின் செருப்பைத் துடைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் கிடந்தேன். அவள் சுவர் ஓரம் உட்கார்ந்து கேட்டே கற்றிருக்கிறாள். எனக்குப் பொறாமை வரவில்லை. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் ராத்திரி விருந்துச் சோறு செரிக்கவில்லை.

அடுத்த ஈஸ்டருக்கு வேறு ஊரில், வேறு கூடத்தில், அந்த நான்கு அடிகளையும் என் பாட்டின் பெண் சொன்னாள். திருட்டு என்று சொல்ல மாட்டேன். பெண்ணைப் புலவர் வரிசையில் யாரும் சேர்ப்பதில்லை, அவள் பாட்டை எந்தக் கூடமும் கேட்கப்போவதில்லை. அடுப்படியில் கரியாகப் போக இருந்ததை எடுத்து விளக்கில் வைத்தேன். அந்தக் கூடத்தில் எனக்கு ஒரு குதிரை கொடுத்தார்கள்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு இத்தெல் வீட்டிலும் அதைப் பாடினேன். பாடியிருக்கக் கூடாது, ஆனால் விருந்தாளிகள் அதைத்தான் கேட்டார்கள். கெனெரிஸ் எழுந்து நின்றாள்.

"அது என்னோடது. இந்தக் கூடத்துல உக்காந்து நான் சொன்னது. அதுக்கப்புறம் இவர் பாடுற பொண்ணுப் பாட்டு அத்தனையும் என்னோடதுதான்."

விருந்தாளி ஒருவர் வாயில் இருந்த பியரைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "பாத்தீங்களா, மனுஷன் பொம்பளை மாதிரி எவ்ளோ நல்லாப் பாடுறாருன்னு. பொம்பளைக்கே தான் பாடுனதுன்னு தோணிப்போச்சு."

கூடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இத்தெலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் யாழில் ஒரு நரம்பைச் சரி செய்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து எந்தக் கூடத்துக்குப் போனாலும், "புலவரே, அந்த இத்தெல் பெண்டாட்டி பாட்டு ஒண்ணு எடுத்து விடுங்க" என்பார்கள். வேடிக்கையாகத்தான். அந்த வேடிக்கையில்தான் என் பிழைப்பு நடந்தது.

அதன் பிறகு அவள் கூடத்தில் வாய் திறக்கவில்லை. ஆனால் பாட்டை நிறுத்தவில்லை. வெண்ணெய் கடைகிற அறை வீட்டின் பின்பக்கம் இருக்கிறது, கல் சுவர், மேலே ஒரு சின்னத் துவாரம். கடைகிற தாளத்துக்கு அவள் அடிகளைக் கட்டுவாள். ஓர் அடி சரியில்லை என்றால் கடைவதும் நின்றுவிடும். சரியானதும் மறுபடி தொடங்கும். நான் வெளியே வெயிலில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை கேட்டால் எனக்குப் போதும், அது எங்கள் தொழில். அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஒவ்வொரு முறை நான் புறப்படும்போதும் வாசலில் வந்து ஒன்றே ஒன்று கேட்பாள்.

"எடுத்துக்குங்க, வேணாம்னு சொல்லல. ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னாடி, இது அவ பாட்டுன்னு சொல்லுங்க. அது போதும்."

"பாக்கலாம்மா" என்பேன். மரியாதையாகத்தான் சொல்வேன்.

கடூகன் அவளுடைய தம்பி. போன இலையுதிர் காலத்தில் சந்தையில் கோட்டையைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் அந்நியர்களின் சுங்கக்காரன் ஒருவன் அவன் மாட்டைப் பிடித்து இழுத்தான். இவன் நுகத்தடியால் ஒரே அடி. சுங்கக்காரன் எழுந்திருக்கவில்லை. கோட்டை கடூகன் தலைக்கு விலை வைத்தது. இத்தெலைக் கூப்பிட்டு, உன் மச்சானுக்கு ஒரு வாய் சோறு போட்டால் உன் நிலம் போகும் என்று சொல்லி அனுப்பினார்கள். இத்தெல் நல்லவர், ஆனால் நிலம் என்றால் உயிர். பையன் கடல் தாண்டி அயர்லாந்துக்குப் போய்விட்டான் என்று ஊரெல்லாம் பேச்சு. கெனெரிஸும் அதையே சொல்லி அழுதாள்.

குளிர் தொடங்கிய நாளில் ஒரு மாலை. வெண்ணெய் அறைச் சுவரில் சாய்ந்திருந்தேன். உள்ளே அவள் தனியாக, மெதுவாக, இதைச் சொன்னாள்:

ஆற்றுக்கு அக்கரையில் ஆள்காட்டி கூவினால்
அடுப்படியில் என் கை நடுங்கும்.
கணவன் தூங்கட்டும், நாயும் தூங்கட்டும்,
கதவே, நீ மட்டும் விழித்திரு.

இதற்குப் பிறகு இன்னும் இரண்டு அடி இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை, சாமி. அழுதேன் என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. அந்தப் பாட்டு யாருக்கானது என்று அந்த இரண்டு அடிகளில் தெளிவாக இருந்தது. அதனால் எனக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் நான் புலவன், பாட்டைப் பாட்டாகத்தான் பார்ப்பேன். கடைசி இரண்டு அடி வந்ததும் பாட்டு இறங்குகிறது. அதுவரை கேட்கிறவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறான், இரண்டு அடியில் அவனுக்குக் காரணம் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. பெண்கள் செய்கிற தவறு அது, எல்லாவற்றையும் விளக்கிவிடுவார்கள். அந்த இரண்டையும் வெட்டினேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு, பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு பெரிய வீட்டில் மற்ற நான்கையும் பாடினேன்.

பாடி முடித்ததும் யாரும் கோப்பையைத் தொடவில்லை. அப்புறம் ஒருவன் பெருமூச்சு விட்டுச் சொன்னான்: "இத்தெல் பெண்டாட்டிக்கு அக்கரையில ஆள் இருக்கு போலயே."

சிரித்தார்கள். சிரிப்பு மலையைத் தாண்டி இத்தெல் வீடுவரை வந்தது. வரும்போது அது சிரிப்பாக இல்லை.

இத்தெல் மெதுவாக யோசிக்கிறவர். வேடிக்கை பேசினால் சிரிப்பார், பிறகு ஒரு வாரம் கழித்து அதை எண்ணிப் பார்ப்பார். அவர் எண்ணிப் பார்த்தது இதுதான்: என் கூடத்தில் நின்று, புலவர் பாடுகிற பெண் பாட்டெல்லாம் என்னுடையது என்று சொன்னாள். அப்படியானால் இதுவும் அவளுடையது. அப்படியானால் அக்கரையில் கூவுகிறவன் யார்? அவளிடம் கேட்டார். அவள் வெண்ணெய் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மனைவிமேல் அவதூறு எழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் முறை ஏழு பெண்கள் மணியைத் தொட்டு அவளுக்காகச் சத்தியம் செய்தார்கள். பேச்சு அடங்கியது. ஈஸ்டருக்கு நான் மறுபடி அதைப் பாடினேன், கேட்டார்கள், பாடினேன். இரண்டாம் முறை பதினான்கு பெண்கள். கோடையில் இன்னொரு கூடம். மூன்றாம் முறைக்கு ஐம்பது பெண்கள் வேண்டும். ஐம்பதில் ஒன்று குறைந்தாலும், அவள் கட்டிய துணியோடு வீட்டைவிட்டுப் போக வேண்டும், மகள்கள் இருவரும் அப்பாவோடு இருப்பார்கள். சின்னவளுக்கு அப்போதுதான் பால் பல் விழுந்திருந்தது.

சத்தியத்துக்கு முன்பு அவள் என்னைத் தேடி வந்தாள். அடுப்புக்காகச் சதுப்பில் வெட்டிக் காயவைத்த மண்கட்டிகளைக் குவித்திருப்பார்களே, அந்தக் குவியல் பக்கம். இடுப்பில் ஒரு கூடை, பார்க்கிறவர்களுக்காக. முகம் ஒட்டிப்போயிருந்தது.

"புலவரே, இத்தன நாளும் அது என் பாட்டுன்னு சொல்லுங்கன்னு உங்க கால்ல விழாத குறையாக் கேட்டேன். இப்ப மாத்திக் கேக்குறேன். உங்க பாட்டுன்னு சொல்லுங்க."

"எதை?"

"எல்லாத்தையும். விறகுப் பாட்டு, அக்கரைப் பாட்டு, எல்லாம். நான் அன்னைக்குக் கூடத்துல விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லுங்க. பைத்தியக்காரின்னு வேணும்னாலும் சொல்லுங்க. இவ்ளோ நாள் நீங்க சொன்னதுதானே அது? அதையே ஒரு தடவை சொல்லிட்டுப் போங்க. என் புள்ளைங்க என்கிட்ட இருக்கும்."

"அந்தப் பாட்டுல இன்னும் ரெண்டு அடி இருக்கேம்மா. அதைச் சொன்னா யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டாங்களே."

அவள் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். கூடை கீழே விழுந்தது.

"அது உங்களுக்குத் தெரியுமா? ஐயோ, அதை மட்டும் சொல்லிடாதீங்க. அவன் இன்னும் இங்கதான் இருக்கான். கால்ல ஆறாத புண்ணு, கடற்கரைவரைக்கும் நடக்க முடியல. காலு ஆறுனதும் போயிடுவான். அதுவரைக்கும் தெரியக் கூடாது. இத்தெலுக்குக்கூடத் தெரியாது. என் மானம் போனாப் போகட்டும், அவன் போகக் கூடாது. உங்களுக்கு அக்கா தங்கச்சி இல்லையா?"

இல்லை. ஆனால் வாக்குக் கொடுத்தேன். என் பாட்டு என்று சொல்வதாகவும், அந்த இரண்டு அடிகளை என் நெஞ்சோடு வைத்துக்கொள்வதாகவும். அவள் என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். அவள் கையில் மோர் வாசனை.

சத்திய நாளில் நீங்களே மணியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். கோவில் முற்றத்தில் ஐம்பது பெண்களும் வந்துவிட்டார்கள். மால்ட் கிழவி முதல் ஆளாக நின்றாள். இத்தெல் என் பக்கம் திரும்பினார். பாவம், அவர் கண் தூங்கி எத்தனை நாளோ.

"புலவரே, நீங்க என் வீட்டு உப்பைத் தின்னவரு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்தப் பாட்டு யாருது?"

"அவங்களோடது" என்றேன்.

சத்தமில்லாமல் சொல்லவில்லை. கூடத்தில் பாடுகிற குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அதுவும், அதற்கு முந்தியவையும், எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பெண் பாட்டு ஒவ்வொன்றும் கெனெரிஸ் கட்டியது, அவளுக்கு நிகரான புலவர் இந்த நாட்டில் இல்லை என்று சொன்னேன். வருஷக்கணக்கில் அவள் கேட்டது அதைத்தான். நாலு பேர் முன்னால் கேட்டாள், நான் ஊர் முன்னால் கொடுத்தேன். எனக்குப் பிறகு எந்தப் புலவனும் ஒரு பெண்ணைப் பற்றி அப்படிச் சொல்லப்போவதில்லை.

பெண்கள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். மணியைத் தொட்டுப் பொய்ச் சத்தியம் செய்ய யாருக்குத்தான் தைரியம் வரும். மால்ட் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"யாருடி அவன்? வாயத் தொறந்து சொல்லுடி. நாங்க அம்பது பேரும் உனக்காக நரகத்துக்குப் போகணுமா?"

கெனெரிஸ் ஒருமுறை என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு மேலாடையில் குத்தியிருந்த வெள்ளி ஊசியைக் கழற்றி, இத்தெலிடம் நீட்டினாள். வீட்டைவிட்டுப் போகிறேன் என்று அர்த்தம். சின்னவள் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். கெனெரிஸ் அந்தப் பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். அதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, சாமி. நான் கல் இல்லை.

"பாட்டுல இன்னும் ரெண்டு அடி இருக்கு" என்றேன். பாடினேன்.

ஒரே மார்பில் பால் குடித்தோம் தம்பி நீயும் நானும்,
ஒற்றைக் கல்லின் அடியில் ரொட்டி, வந்து எடுத்துக்கொள்.

அதன் பிறகு நடந்ததையும் பார்த்தீர்கள். மால்ட் ஓவென்று அழுதாள். ஐம்பது பெண்களும் முட்டி மோதிக்கொண்டு மணியைத் தொட்டார்கள். இத்தெல் முற்றத்து மண்ணில் முழங்காலிட்டு அவள் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவளை வேசி என்றவர்கள் அவளைத் தூக்காத குறையாக வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். மானம், வீடு, மகள்கள், எல்லாம் திரும்பக் கிடைத்தது. என் நாவால் கிடைத்தது. என்மேல் வழக்குப் போட்டவர்கள் இதை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

முற்றத்து வாசலில் கோட்டை வில்லாளிகள் இரண்டு பேர் மதில்மேல் உட்கார்ந்து வெங்காயம் தின்றுகொண்டிருந்தார்கள். சபை கூடும்போதெல்லாம் வருகிறவர்கள்தான். நம் மொழி அவர்களுக்கு நன்றாகவே புரியும், ஒருவன் இங்கேதான் பெண் கட்டியிருக்கிறான். நான் பாடும்போது அவன் தின்பதை நிறுத்தினான். அவர்களைப் பார்த்தாயா என்று நாளை யாரும் கேட்க மாட்டார்கள். நீங்களும் கேட்க வேண்டாம், நானே சொல்கிறேன். பாடுவதற்கு முன்பே பார்த்தேன்.

அன்று மாலை இத்தெல் விருந்து வைத்தார். என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். கெனெரிஸ் சுவர் பக்கம், இரண்டு பக்கமும் பெண்கள். வெளிச்சம் மங்குகிற நேரம். ஆற்றுப் பக்கம் இருந்து ஆள்காட்டி கூவியது. கோடை முடிந்தபின் அந்தக் குருவி அந்தப் பள்ளத்தாக்கில் இருக்காது, கேட்கத் தெரிந்தவனுக்கு அது மனுஷன் வாய் என்று தெரியும். கெனெரிஸ் எழுந்தாள்.

"எங்கடி போற, உக்காரு. இன்னைக்கு உன் நாளு" என்று மால்ட் அவளை இழுத்து உட்கார வைத்தாள்.

"என்னை விடு அத்தை. ஒரு நிமிஷம் விடு."

"கறி ஆறிப்போகுது. தம்பியப் பத்தி அப்புறம் பேசிக்கலாம், இத்தெலே ஏதாச்சும் செய்வாரு. உக்காருன்னா."

மறுபடியும் கூவியது. இந்த முறை கிட்டத்தில். அவள் கைகளை உதறிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தாள், பெண்கள் சிரித்துக்கொண்டே பிடித்தார்கள், பெருமகிழ்ச்சியில் தடுமாறுகிறாள் என்று அவர்களுக்கு நினைப்பு. அந்த நேரத்தில்தான் இத்தெல் என் தோளைத் தட்டினார். "புலவரே, ஒண்ணு பாடுங்க." நான் தடியை எடுத்துத் தரையில் தட்டினேன். வழக்கத்தைவிடப் பலமாகத்தான் தட்டினேன். கூடம் அமைதியானது. விருந்தில் புலவன் தொடங்கிவிட்டால் யாரும் எழுந்து போவதில்லை, அது மரியாதை. நான் பாடி முடித்தபோது ஆற்றுப் பக்கம் சத்தம் எதுவும் இல்லை.

அந்தக் கல்லுக்கு அடியில் அன்று ரொட்டி இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அதைத் தேடி வந்த கடூகனை வில்லாளிகள் அங்கேயே பிடித்து, கோட்டை வாசலில் தூக்கில் போட்டார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் எதையும் வெட்டக் கூடாது என்பீர்கள். மண்கட்டிக் குவியல் பக்கம் நடந்ததில் ஒன்றை விட்டுவிட்டேன். வாக்குக் கொடுத்த பிறகு, அவள் கூடையை எடுத்துக்கொண்டு புறப்படுகிற நேரத்தில், நான் ஒன்று கேட்டேன். பெரிதாக எதுவும் இல்லை.

"அம்மா, என் பாட்டுல ஒரு அடி சொல்லுங்க. ஆம்பளை பாடுறது, மழையில நின்னு. அதெல்லாம் நானே கட்டினது. உங்களுக்குப் பிடிச்சது ஏதாவது ஒண்ணு."

அவள் நின்றாள். ஒருமுறை கேட்டதை மறக்காதவள். முப்பது வருஷப் பாட்டை அவள் கூடத்தில் வைத்துப் பாடியிருக்கிறேன். அவள் உதடு அசைந்தது, கண் அங்கும் இங்கும் ஓடியது. பொய்யாவது சொல்லலாம் என்று அவள் தேடினாள், அது எனக்குத் தெரிந்தது. அவள் பிள்ளைகளும் தம்பியும் என் வாயில் இருக்கிற நேரம், எதையாவது எடுத்துக் கொடுத்துவிடத் துடித்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"மழை..." என்றாள். "மழை வரும் அதுல. நல்லா இருக்கும். மன்னிச்சுக்குங்க, இப்ப எனக்கு மனசு ஒரு நிலையில இல்ல."

"பரவால்லம்மா" என்றேன். உண்மையில் எனக்குக் கோபம் வரவில்லை. நான் சபையில் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமும் இல்லை. உண்மை கேட்டார்கள், உண்மை சொன்னேன். நூறு பேரும் நாளை அதற்குத்தான் சத்தியம் செய்யப்போகிறார்கள். நான் வாக்குக் கொடுத்ததும், எல்லாம் முன்பே தெரிந்து வைத்திருந்ததும் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆணுக்கு எதிராகப் பெண் சொல்கிற சாட்சி சபையில் ஏறாது. சட்டத்தை நான் எழுதவில்லை.

ஆகவே நாளையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கவலை வேறு. அந்த விருந்துக்குப் பிறகு என்னால் ஒன்றும் கட்ட முடியவில்லை, சாமி. கூடங்களில் புதுப் பாட்டு கேட்கிறார்கள். பழையதைப் பாடி எத்தனை நாள் ஓட்டுவது. நான் வாயைத் திறந்தால் அந்தப் பெண் அழுகிறாள், அல்லது கதவைத் திறக்கிறாள். பழையபடி. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்கிறேன். போன வாரம் இத்தெல் வீட்டுக்குப் பின்னால் போய், அந்தச் சுவரில் காது வைத்து, மழையில் நனைந்துகொண்டு நின்றேன். உள்ளே கடைகிற சத்தம் கேட்டது. நிற்காமல், மாறாமல், அது மட்டும்தான் கேட்டது. ஒரு சொல் வராதா என்று கல்லில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

ஆனால் அவள் உங்களிடம் வருகிறாள். வெள்ளிக்கிழமைதோறும் இங்கே, நான் முழங்காலிட்டிருக்கிற இதே இடத்தில். எனக்குத் தெரியும், வழியில் நின்று பார்த்திருக்கிறேன். அவ்வளவு நேரம் எந்தப் பாவத்தைச் சொல்வாள்? அவளுக்கு ஏது பாவம். தூக்கில் தொங்கிய தம்பிக்கு அவள் ஒப்பாரி கட்டாமல் இருக்க முடியாது. கட்டியிருப்பாள், உங்களிடம் சொல்லியிருப்பாள். அது இந்த நாட்டில் இதுவரை யாரும் கேட்டிராத ஒன்றாக இருக்கும்.

முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். முழுவதும் கேட்கவில்லை. முதல் அடி போதும், மீதி எனக்கு வந்துவிடும். இந்த முறை எதையும் வெட்ட மாட்டேன், அவள் பெயரைச் சொல்லித்தான் பாடுவேன். வாக்குக் கொடுக்கிறேன், சாமி.